ஓ.ஏ.இ. பரிசோதனை: பெற்றோரும் மற்றவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவ வார்டிலும் காது பரிசோதனை அறை வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முதலில் பெற்றோர்கள் கேட்பவை, பிறகு பெரியவர்கள் தங்களுக்காகக் கேட்பவை, கடைசியில் ஆடியாலஜி (செவியியல்) படிக்கும் பிள்ளைகள் கேட்ட இரண்டு. அவசரத்தில் இருப்பவர்கள் "ரெஃபர்" என்ற சொல் வரும் கேள்விக்கு நேரே போய்விடலாம்.

பொறந்த பாப்பா காதுல சின்னதா எதையோ சொருகி ஒரு மெஷின்ல பாத்தாங்களே, அது என்ன டெஸ்ட்?

அதுதான் ஓ.ஏ.இ. 'ஓட்டோ அக்கூஸ்டிக் எமிஷன்' என்பதன் சுருக்கம். காதில் சொருகுவதற்குப் புரோப் என்று பெயர். ரப்பர் நுனிக்குள் குட்டி ஸ்பீக்கரும் அதைவிடக் குட்டியான மைக்கும் இருக்கின்றன. ஸ்பீக்கர் மெல்லிய 'டிக் டிக்' ஒலியையோ 'பீப்' ஒலியையோ காதுக்குள் அனுப்பும். உட்செவி நன்றாக வேலை செய்தால், அங்கிருந்து மிக மிகச் சன்னமாக ஓர் ஒலி திரும்பி வரும். அதை மைக் பிடிக்கிறது. பிடித்தால் திரையில் 'பாஸ்', பிடிக்க முடியாவிட்டால் 'ரெஃபர்'.

குழந்தை தலையைத் திருப்பவோ கண் சிமிட்டவோ வேண்டியதில்லை. தூங்கிக்கொண்டிருந்தாலே போதும். பிறந்த குழந்தைகளுக்கு இந்த டெஸ்ட் இவ்வளவு பரவலாக வந்ததற்கு அதுதான் காரணம்.

காது சத்தத்தைக் கேக்கும், சரி. காதே சத்தம் போடுமா?

போடும். உட்செவியில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் காக்லியாவுக்குள் இரண்டு வகை மயிர்ச் செல்கள் உண்டு. உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. ஒலியை நரம்புக்குச் சொல்லுவது பெரும்பாலும் உள்வரிசைதான். வெளிவரிசைச் செல்கள் ஒலி வந்ததும் சுருங்கி நீண்டு, சன்னமான ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. அந்த அசைவில் ஒரு துளி பின்னோக்கி வந்து, நடுச்செவி எலும்புகளை அசைத்து, செவிப்பறை வழியாக வெளியே கசிகிறது. ஓ.ஏ.இ. என்பது அந்தக் கசிவு.

காக்லியாவுக்குள் இப்படி ஒரு பெருக்கி இருந்தாக வேண்டும் என்று 1948-லேயே தாமஸ் கோல்ட் சொன்னார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் வானியல் பக்கம் போய்விட்டார். காக்லியாவில் ஒலியலை எப்படிப் பயணிக்கிறது என்று கண்டு 1961-இல் நோபல் பரிசு பெற்ற பெக்கெஷி பார்த்தது இறந்தவர்களின் காதுகளை. பெருக்கி வேலை செய்வதோ உயிருள்ள காதில் மட்டும். கடைசியில் 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் காதிலிருந்து திரும்பி வரும் ஒலியைப் பதிவு செய்து காட்டினார். வெளிமயிர்ச் செல்கள் சுருங்கி நீள்வதை பிரவுனெல் குழு 1985-இல் வெளியிட்டது. அந்த அசைவுக்குக் காரணமான பிரெஸ்டின் என்ற புரதம் 2000-இல் தெரிய வந்தது.

கீழே வரும் சந்தேகங்களில் பாதிக்கு விடை இங்கேயே இருக்கிறது. ஓ.ஏ.இ. பார்ப்பது வெளிமயிர்ச் செல்களை மட்டுமே. அதற்கு அப்பால் இருக்கும் நரம்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஒலி உள்ளே போவதும் வெளியே வருவதும் நடுச்செவி வழியாக என்பதால், வழியில் அடைப்பு இருந்தாலும் பதில் வந்து சேராது.

வலிக்குமா? தூக்க மருந்து குடுப்பாங்களா?

இரண்டும் இல்லை. ஊசி, ஒயர், தலையில் பசை எதுவும் கிடையாது. பால் குடித்துவிட்டுத் தூங்கும் நேரத்தில் கொண்டுவாருங்கள். இரண்டு காதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தூக்க மருந்து சில சமயம் தேவைப்படுவது பெரா டெஸ்டுக்கு. அது வேறு, கீழே வருகிறது.

தட்டுல கரண்டியால தட்டினா திரும்பிப் பாக்குது மேடம். அப்புறம் எதுக்கு மெஷின்?

தட்டில் தட்டும் சத்தம் மிகப் பெரியது. மிதமான கேட்புக் குறை உள்ள குழந்தையும் அதற்குத் திரும்பும். ஆனால் பேச்சில் வரும் 'ச', 'த', 'ப' மாதிரி ஒலிகள் அதோடு ஒப்பிட்டால் மிகச் சன்னம். தட்டுக்குத் திரும்பும் குழந்தைக்கு அவை கேட்காமலே போகலாம். தவிர, குழந்தை சத்தத்துக்குத்தான் திரும்பியதா, உங்கள் கை நிழலுக்கா, கட்டில் அதிர்ந்ததற்கா என்று வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு காது மட்டும் கேட்கும் குழந்தை இந்தத் தட்டுச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

'ரெஃபர்'னு வந்திருக்கு. குழந்தைக்குக் காது கேக்காதுன்னு அர்த்தமா?

இல்லை. பதில் ஒலியைப் பிடிக்க முடியவில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்பதுதான் அர்த்தம். அதனால்தான் மெஷினில் 'ஃபெயில்' என்று போடாமல் 'ரெஃபர்' என்று வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுகை ஆரம்பித்துவிடுகிறது. சொல்பவர்களும் சீட்டைக் கையில் திணித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு நிமிடம் நின்று விளக்கினால் பாதி அழுகை மிச்சம்.

பிறந்த முதல் 24 மணி நேரத்தில் 'ரெஃபர்' அதிகம் வரும். கருவில் குழந்தையின் தோலில் படிந்திருந்த வெண்ணெய் போன்ற மாவு காதுத் துவாரத்தில் ஒட்டியிருக்கும். நடுச்செவியில் நீர் இருக்கும். ஓரிரு நாளில் தானாகவே வடிந்துவிடும். குழந்தை சிணுங்கியிருக்கலாம், மூக்கடைப்பால் மூச்சு கொரகொரவென்று இருந்திருக்கலாம், பக்கத்துக் கட்டிலில் யாராவது போனில் பேசியிருக்கலாம். எல்லாம் மைக்கில் விழும். நான் பழகியவரை, புரோப்பை எடுத்து நுனியில் ஒட்டியதைத் துடைத்து, ஒரு அளவு பெரிய ரப்பர் நுனி போட்டு, காது மடலை மெல்ல இழுத்துப் பிடித்துச் சொருகினாலே பல 'ரெஃபர்'கள் 'பாஸ்' ஆகிவிடுகின்றன.

அதற்காக 'பாஸ்' வரும்வரை பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பதும் தப்பு. பத்துத் தடவை ஓட்டினால் ஒரு தடவை இரைச்சலே பதில் மாதிரி தோன்றிப் 'பாஸ்' காட்டிவிடலாம். ஒழுங்காகப் பொருத்தி இரண்டு தடவை பார்த்தும் வரவில்லை என்றால் தேதி கொடுத்து அனுப்புவதுதான் நேர்மை.

எப்ப திரும்ப வரணும்? எங்க மாமனாரே நாலு வயசுலதான் பேசினாராம், கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு வீட்டுல சொல்றாங்க.

பொறுக்கக் கூடாது. ஊருக்கு ஊர் ஒரு மாமனார், ஒரு சித்தப்பா நாலு வயதில் பேசியிருப்பார். அவருக்கு அன்று காது கேட்டதா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை.

செவியியலில் 1-3-6 என்று ஒரு கணக்கு உண்டு. 1 மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் கேட்புக் குறை உண்டா, எவ்வளவு என்ற முடிவு, 6 மாதத்துக்குள் ஹியரிங் எய்டோ பயிற்சியோ ஆரம்பம். பேச்சுக்கான மூளைப் பாதைகள் கேட்டுக் கேட்டுத்தான் வளர்கின்றன. அந்த மாதங்களைப் பிறகு வாங்க முடியாது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (கேட்பு நரம்பை மின்சாரத்தால் தூண்ட உட்செவியில் பொருத்தும் கருவி) அறுவை சிகிச்சை செய்வதற்கும் 6 வயது என்ற வரம்பு உண்டு. ஐந்தரை வயதில் முதல் தடவையாக வருபவர்களோடு காகிதம் எடுத்துக்கொண்டு ஓடுவது எவ்வளவு பதற்றம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் 'ரெஃபர்' வந்த பிறகு அடுத்த பரிசோதனைக்கு வராமல் போவதுதான் இந்தத் திட்டங்கள் அத்தனையிலும் பெரிய ஓட்டை. தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தவர் புகுந்த வீட்டுக்குப் போய்விடுவார், போன் நம்பர் மாறியிருக்கும், சீட்டு எங்கோ போயிருக்கும். எந்த ஊருக்குப் போகிறீர்களோ அந்த மாவட்டத்திலேயே பார்க்கலாம். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. பிறவிக் கேட்புக் குறையும் அதில் சேர்ந்ததுதான். அதன் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை, டி.இ.ஐ.சி. என்று சொல்லி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

ஒரு காது பாஸ், ஒரு காது ரெஃபர். ஒரு காது கேட்டா போதும்ல?

பேச்சு வரும், ஆனால் போதாது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிவதற்கும், வகுப்பறை இரைச்சலில் டீச்சர் குரலைப் பிரித்துக் கேட்பதற்கும் இரண்டு காதும் வேண்டும். மறுபரிசோதனைக்கு வரும்போது 'ரெஃபர்' வந்த காதை மட்டுமல்ல, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாஸ்னு வந்துடுச்சு. இனிமே காதைப் பத்திக் கவலையே வேண்டாம்தானே?

அன்றைய தேதிக்கு, அந்த டெஸ்ட் பார்க்கும் அலைவரிசைகளில், வெளிமயிர்ச் செல்கள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அதற்கு மேல் எழுதிக்கொடுக்க யாராலும் முடியாது. லேசான குறை இருந்தாலும் 'பாஸ்' வரக்கூடும். கருவிலேயே சி.எம்.வி. என்ற சைட்டோமெகலோ வைரஸ் தொற்றிய குழந்தைகளுக்கும், சில பரம்பரைக் குறைகள் உள்ளவர்களுக்கும் பிறந்தபோது நன்றாக இருந்து பிறகு கேட்பு இறங்கும். மூளைக்காய்ச்சல், பொன்னுக்குவீங்கி வந்த பிறகும் இறங்கலாம்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் நடந்த குடும்பங்களில் பிறவிக் கேட்புக் குறை கூடுதலாகக் காணப்படுகிறது. அப்பா அம்மா இருவருக்கும் நன்றாகக் கேட்கும், ஆனால் ஜி.ஜே.பி.2 போன்ற ஒரு மரபணுவில் ஒரே பிழை இருவரிடமும் ஒளிந்திருந்து குழந்தையிடம் சேர்ந்துவிடும். குடும்பத்தில் ஏற்கனவே ஒருவருக்குக் குறை இருந்தால், 'பாஸ்' வந்திருந்தாலும் குழந்தையைத் தொடர்ந்து காட்டுங்கள். ஒரு வயதில் 'அம்மா', 'தாத்தா' வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், பழைய 'பாஸ்' சீட்டை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எங்க பாப்பா இன்குபேட்டர்ல இருந்துச்சு. ஓ.ஏ.இ. பாஸ். ஆனாலும் பெரா எடுக்கணும்ங்கறாங்க. காசு பாக்கவா?

இந்தச் சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் இந்த இடத்தில் அவர்கள் சொல்வது சரி. பெரா டெஸ்டில் தலையில் சின்ன ஸ்டிக்கர் மாதிரி மின்முனைகளை ஒட்டி, ஒலி காதிலிருந்து நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்தது, மூச்சுத் திணறியது, ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை ஏறியது ஆகியவை மயிர்ச் செல்லைத் தாண்டி நரம்பைப் பாதிக்கக்கூடியவை. நரம்பைப் பற்றி ஓ.ஏ.இ.க்குத் தெரியாது என்று மேலே பார்த்தோம். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு முதல் பரிசோதனையே தானியங்கி பெராவாக (மெஷினே 'பாஸ்', 'ரெஃபர்' என்று சொல்லும் பெரா) இருக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட வழிமுறை.

இதே காரணத்தால், தானியங்கி பெராவில் 'ரெஃபர்' வந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. எடுத்துப் 'பாஸ்' என்று அனுப்பிவிடக் கூடாது. சில இடங்களில் இது நடக்கிறது. அப்படி அனுப்பினால் முழு பெரா எங்கே எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

பொறந்தப்ப பாஸ். இப்ப மூணு வயசு, ஓ.ஏ.இ. வரவே இல்லைங்கறாங்க. காது செத்துப்போச்சா?

இந்த வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது நடுச்செவி நீர். அடிக்கடி சளி, வாயைத் திறந்து தூங்குவது, குறட்டை, டி.வி. சத்தத்தை ஏற்றச் சொல்வது எல்லாம் சேர்ந்திருந்தால் கிட்டத்தட்ட உறுதி. குறும்பி அடைத்திருந்தாலும் இதே கதைதான். பதில் ஒலி உள்ளே உண்டாகியிருக்கும், வெளியே வர வழியிருக்காது. டிம்பனோமெட்ரி என்ற காற்றழுத்தச் சோதனையைக் கையோடு எடுத்தால் தெரிந்துவிடும். அது இல்லாமல் ஓ.ஏ.இ.யை மட்டும் வைத்து இந்த வயதுக் குழந்தையைப் பற்றி யார் முடிவு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்தச் சோதனையை 226 ஹெர்ட்ஸில் எடுக்காமல் 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இந்த டெஸ்ட்ல எத்தனை டெசிபல் கேக்குதுன்னு போட்டிருக்காங்களா?

இல்லை. ரிப்போர்ட்டில் டெசிபல் என்று ஒரு எண் இருக்கும். அது திரும்பி வந்த ஒலியின் அளவு, உங்கள் கேட்பின் அளவு அல்ல. "மைனஸ் 4 டெசிபல்தான் கேக்குதாம்" என்று பதறி வருபவர்கள் உண்டு. பொதுவாக, கேட்புக் குறை 30 முதல் 40 டெசிபலைத் தாண்டினால் ஓ.ஏ.இ. வராது. வராத காதுக்குக் குறை 45 டெசிபலா 95 டெசிபலா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பெரியவர்களுக்கு, சத்தம் கேட்டதும் பொத்தானை அமுக்கச் சொல்லும் ஆடியோமெட்ரி (அதன் படம்தான் ஆடியோகிராம்), குழந்தைகளுக்கு பெரா.

ரிப்போர்ட்ல டி.இ., டி.பி.ன்னு ரெண்டு இருக்கு, கீழ ஒரு கிராஃப். அதை எப்படிப் படிக்கிறது?

டி.இ. என்பதில் 'டிக்' என்ற ஒற்றை ஒலி போகும். அடுத்த 20 மில்லி விநாடிக்குள் வருவதைப் பதிவு செய்வார்கள். காக்லியாவின் வாசலருகே இருப்பவை உச்ச ஒலிகளுக்கான செல்கள் என்பதால் அவற்றின் பதில் முதலில் வரும், கீழ்ஸ்தாயி பின்னால் வரும். டி.பி.யில் இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் போகின்றன. உதாரணமாக 3279 ஹெர்ட்ஸும் 4000 ஹெர்ட்ஸும். நல்ல காது இவை இரண்டோடும் தான் உண்டாக்கிய மூன்றாவது ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்பும்: முதல் எண்ணை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் வரும் 2558 ஹெர்ட்ஸ். நாம் அனுப்பாத ஒலி அது, காது செய்தது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

டி.பி. கிராஃபில் வலது காது சிவப்பு, இடது காது நீலம். கீழே அலைவரிசை, பக்கவாட்டில் டெசிபல். புள்ளிகள் காதின் பதில். அடியில் நிழலடித்த பகுதி இரைச்சல். புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட நிழலிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 6 டெசிபலாவது மேலே இருந்தால் பதில் உண்டு என்று பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். 4000-இல் பதில் 8, இரைச்சல் மைனஸ் 10 என்றால் வித்தியாசம் 18, அருமை. 1000-இல் பதில் 3, இரைச்சல் 1 என்றால் வித்தியாசம் 2 மட்டும்; அங்கே பதில் இல்லை என்று சொல்ல முடியாது, இரைச்சல் மூடிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சு, ஃபேன், ஏ.சி. எல்லாம் கீழ் அலைவரிசையில்தான் அள்ளிக் கொட்டும்.

இன்னொரு வகை உண்டு. பதில் மைனஸ் 12, இரைச்சல் மைனஸ் 20. வித்தியாசம் 8, மெஷின் டிக் போட்டுவிடும். ஆனால் பதிலின் அளவே குறைவு. 'இருக்கிறது, ஆனால் நலிந்திருக்கிறது' என்று படிக்க வேண்டிய காது அது. டிக் குறியை மட்டும் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

ஓ.ஏ.இ. ரெண்டு காதும் நல்லா வருது, ஆனா பெரால ஒரு கோடுகூட வரலை. எந்த மெஷின் தப்பு?

இரண்டும் சரியாக இருக்கலாம். மயிர்ச் செல்கள் வேலை செய்கின்றன, ஆனால் அங்கிருந்து நரம்புக்குப் போகும் செய்தி சிதறிவிடுகிறது. இதை ஆடிட்டரி நியூரோபதி என்பார்கள். அர்னால்ட் ஸ்டார் குழு 1996-இல் இந்தப் பெயரில் விவரித்தது. கடும் மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல், குறைமாதம், ஓ.டி.ஓ.எஃப். என்ற மரபணுக் கோளாறு ஆகியவை காரணமாகலாம். இவர்களுக்கு 'சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை' என்ற நிலை சகஜம். கேட்பு ஒரு நாள் போல மறுநாள் இருக்காது.

பெராவில் எதுவும் வராததால் 'முற்றிலும் செவிடு' என்று எழுதிவிடுவது பெரிய தப்பு. இந்த நிலையில் பெரா எவ்வளவு கேட்கிறது என்று சொல்லாது. குழந்தை வளர்ந்து ஒலிக்குத் திரும்பிப் பார்க்கும் பரிசோதனை செய்யும் வயது வந்த பிறகுதான் அளவு தெரியும். சிலருக்கு ஹியரிங் எய்டு உதவுகிறது, சிலருக்கு இம்ப்ளான்ட் நன்றாகப் பலன் தருகிறது. முடிவு நிதானமாக எடுக்க வேண்டியது, ஆனால் கண்காணிப்பு உடனே ஆரம்பிக்க வேண்டியது.

அப்பாவுக்கு கீமோ குடுக்கறதுக்கு முன்னாடி காது டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. கேன்சருக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வெளிமயிர்ச் செல்களைத் தாக்கக்கூடியது. ஜென்டாமைசின், அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசிகளும் அப்படியே. சேதம் உச்ச அலைவரிசைச் செல்களில் ஆரம்பித்துப் பேச்சு அலைவரிசைக்கு இறங்கி வரும். நோயாளி 'சரியாகக் கேட்கவில்லை' என்று சொல்லும்போது ஏற்கனவே நிறைய போயிருக்கும். டி.பி. ஓ.ஏ.இ.யில் பெரும்பாலும் அதற்கு முன்பே சரிவு தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் பொத்தானை அமுக்கச் சொல்லும் டெஸ்டைவிட இது எளிது.

முதல் டோஸுக்கு முன் எடுத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். சரிவு தெரிந்தால் மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, அப்படியே தொடர்வதா என்பது புற்றுநோய் மருத்துவர் முடிவு, உயிர் முதலில். அவர் கையில் தகவலைக் கொடுப்பது எங்கள் வேலை.

தறிப்பட்டறைல இருபது வருசமா வேலை. ஆடியோகிராம் நார்மல், ஓ.ஏ.இ. கொறஞ்சிருக்குன்னு சொல்றாங்க. எதை நம்புறது?

இரண்டையும். வெளிமயிர்ச் செல்களில் ஓரளவு போன பிறகும் ஆடியோகிராம் நார்மலாகவே இருக்கலாம். இரைச்சல் சேதம் முதலில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் பகுதியில், குறிப்பாக 4000 பக்கம் விழும், ஓ.ஏ.இ.யிலும் அங்கேதான் பள்ளம் தெரியும். சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக்கு நடுவே நின்று பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவர் காதில் கத்தினால்தான் கேட்கும். தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வீட்டோடு சேர்ந்த தறிக்கூடத்தில் அதை அளந்து பார்க்க யாரும் வருவதில்லை.

ஒரே ஒரு ஓ.ஏ.இ.யை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் அளவு மாறும். வருடத்துக்கு ஒரு தடவை, முடிந்தால் அதே மெஷினில், வேலைக்குப் போகும் முன் எடுத்து வையுங்கள். ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தால் தற்காலிகச் சரிவும் சேர்ந்து தெரியும். காதடைப்பானைப் போட ஆரம்பிக்க அடுத்த வருட ரிப்போர்ட் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காது கேக்கலைன்னு நடிக்கிறவங்களை இது காட்டிக் குடுக்குமாமே?

ஓரளவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை குறை என்றால் 'கேட்புத்திறன் குறைந்தவர்', 70 டெசிபல் குறை என்றால் 'காது கேளாதவர்'. சான்றிதழுக்கு வருபவரின் ஆடியோகிராமில் 80 டெசிபல் குறை, ஓ.ஏ.இ. மட்டும் துல்லியமாக வருகிறது என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆனால் உடனே 'நடிக்கிறார்' என்று எழுதிவிடக் கூடாது. மேலே சொன்ன ஆடிட்டரி நியூரோபதியிலும் இதே படம்தான் வரும். பெரா எடுக்காமல் ஒருவரைப் பொய்யர் ஆக்குவது கொடுமை. ஓ.ஏ.இ. வராததால் உண்மையான செவிட்டுத்தன்மை என்றும் சொல்ல முடியாது. 45 டெசிபல் குறையை 80 ஆக்கிக் காட்டுபவருக்கும் அது வராது.

எனக்குக் காதுல எப்பவும் 'ங்ங்'ன்னு சத்தம். காதே சத்தம் போடும்னு சொன்னீங்களே, அதுவா இது?

அநேகமாக இல்லை. எந்த ஒலியும் அனுப்பாமலே தானாக ஒலி உமிழும் காதுகள் உண்டு. நன்றாகக் கேட்பவர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். பெண்களிடமும் வலது காதிலும் கூடுதலாகக் காணப்படும். ஆனால் அவர்களுக்கு அது கேட்பதே இல்லை. காது இரைச்சலோடு வருபவர்களில் மைக் பிடிக்கும் ஒலியும் அவர்கள் கேட்கும் ஒலியும் ஒன்றாக இருப்பது அரிது. ஓ.ஏ.இ.யில் ஏதாவது அலைவரிசையில் பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் உதவும்.

மேடம், லேப்ல சும்மா ஒரு சிரிஞ்சுல புரோப்பைச் சொருகினேன், டி.பி. வந்துச்சு. சிரிஞ்சுக்கு எப்படி வெளிமயிர்ச் செல்?

நல்ல வேலை செய்தாய். தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன் இதைச் செய்ய வேண்டும். காலிக் குழியில் டி.பி. வந்தால் அது கருவியே உண்டாக்கிய திரிபு. இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி ஸ்பீக்கர் வைத்திருப்பதே இதைத் தவிர்க்கத்தான். ஒலியளவை மிக அதிகமாக வைத்தாலும் இப்படி வரும். வழக்கமான அளவில், அதாவது முதல் ஒலி 65, இரண்டாவது 55 டெசிபலில், வரக் கூடாது. அந்த அளவிலும் வந்தால் புரோப் நுனியில் குறும்பி அடைத்திருக்கிறதா பார், சுத்தம் செய்தும் மாறவில்லை என்றால் அந்தப் புரோப்பை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பும்வரை ஒதுக்கி வை. அதில் எடுத்த 'பாஸ்'களை மறுபடி எடுக்க வேண்டும்.

ஓ.ஏ.இ.யும் இல்லை, பெராவும் இல்லை. அப்ப நியூரோபதி இல்லைன்னு முடிவு பண்ணலாமா?

பண்ணக் கூடாது. நியூரோபதி உள்ள சில குழந்தைகளுக்கு முதலில் வந்துகொண்டிருந்த ஓ.ஏ.இ. வயது ஏற ஏற மறைந்துவிடும். நடுச்செவி நீரும் அதை மறைக்கும். பெரா எடுக்கும்போதே கிளிக் ஒலியை ஒரு தடவை ரேர்ஃபாக்‌ஷனிலும் ஒரு தடவை அதற்கு நேர் எதிரான கண்டன்சேஷனிலும் (முதலாவது செவிப்பறையை வெளியே இழுக்கும், இரண்டாவது உள்ளே தள்ளும்) தனித்தனியாக ஓட்டு. ஆரம்ப மில்லி விநாடிகளில் ஓர் அலை தலைகீழாகத் திரும்பினால் அது காக்ளியர் மைக்ரோஃபோனிக், மயிர்ச் செல்களின் பதில். பிறகு இயர்போன் குழாயை இடுக்கி மூடி ஒரு தடவை ஓட்டு. அப்போதும் அலை மறையாமல் இருந்தால் அது காதிலிருந்து வரவில்லை, ஒயரிலிருந்து வருகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி அனுப்பும் ஆல்டர்நேட்டிங்கில் மட்டும் ஓட்டியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டுக் கோடு நேராகத்தான் தெரியும். அந்த ரிப்போர்ட்டை வைத்து நியூரோபதி உண்டு, இல்லை இரண்டையும் சொல்ல முடியாது.